சரியான புளுகம்

உங்களில் எத்தனை பேர் இன்னும் 'புளுகம்' என்று சொல்கிறீர்கள்? என் வயதுக்காரர்களைத்தான் கேட்கிறேன். பிள்ளைகளைக் கேட்டுப் பிரயோசனமில்லை. அவர்களுக்கு எல்லாமே 'ஹப்பி'. பரீட்சையில் தேறினாலும் ஹப்பி, பிட்டோடு முட்டைப்பொரியல் கிடைத்தாலும் ஹப்பி. நம்முடைய ஆட்கள் அப்படிச் சிக்கனம் பிடித்தார்களா? ஒருவன் 'வாயெல்லாம் பல்லாய் நிக்கிறான்' என்றால் அது ஓர் அளவு. 'தலைகால் தெரியாமல் திரியிறான்' என்றால் அதற்கு மேல் ஒரு படி. 'அவனுக்குச் சரியான புளுகம்' என்று சொல்லிவிட்டார்களோ, அதற்கு மேல் படியே கிடையாது. மொட்டைமாடி வந்துவிட்டது, இனி ஆகாயம்தான்.

யாழ்ப்பாணத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. வெளியில் வந்தால்தான் சிக்கல். 'புளுகு' என்றால் ஊர் உலகத்துக்கெல்லாம் பொய். 'புளுகம்' என்றால் நமக்கு மட்டும் உடம்பு கொள்ளாத மகிழ்ச்சி. நடுவில் நிற்பது ஒரு 'ம்'. அந்த 'ம்' எவ்வளவு பாரமானது என்பதை ஒன்பது வயதில், சண்டைக் காலத்தில், கொட்டாஞ்சேனையில் நான் தெரிந்துகொண்டேன்.

அப்பா நான் நடக்கப் பழகுமுன்னமே காய்ச்சலில் போனவர். அம்மா ஊரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. குண்டு விழுகிற இடத்தில் பிள்ளையை வைத்திருக்க ஏலாது என்று என்னைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டுவந்து, தன் தம்பியிடம், அதாவது என் மாமாவிடம், விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். இடமாற்றம் எழுதிப் போட்டிருந்தது. அது கிடைக்க வேண்டும், பிறகு ஊரை விட்டு வெளியேற பாஸ் கிடைக்க வேண்டும். "தீபாவளிக்குள்ளை வந்திடுவன். மாமாவோடை குழப்படி செய்யாமல் இரு" என்று சொல்லிவிட்டு என் தலையில் ஒருதரம் கை வைத்தார். கட்டிப்பிடிப்பதெல்லாம் எங்கள் வீட்டு வழக்கமில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மாமா கல்யாணம் செய்யாதவர். கோட்டையில் ஒரு கப்பல் ஏஜன்சிக் கந்தோரில் வேலை. மேல்மாடியில் ஒன்றரை அறை: அவர் படுக்கிற அறை ஒன்று, மண்ணெண்ணெய் அடுப்பும் என் கட்டிலும் கிடந்த அரை அறை இன்னொன்று. கொழும்பில் கனகாலம் இருந்த மனுசன். ஊர்ப் பேச்சைத் தொண்டைக்குள்ளேயே தேய்த்து அழித்துவிட்டிருந்தார். முதல் நாள் பஸ் தரிப்பில் எனக்குச் சொன்ன புத்திமதி, "பஸ்ஸுக்குள்ளை கதைக்காதை" என்பதுதான். யாழ்ப்பாணத் தமிழ் காதில் விழுந்தால் சந்தேகக் கண்கள் திரும்பும். நான் கதைக்கவில்லை. பஸ்ஸில் கதைக்காமல் விட்டுப் பழகினால் வீட்டிலும் கதை வராது. சில பின்னேரங்களில் மாமாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தபடி பாண் தின்போம். வாய் அசையும், சத்தம் வராது.

கீழ்வீட்டில் இருந்தவரை நான் 'அன்ரி' என்று கூப்பிட்டேன். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். புருசன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அப்போது முதுகு போய்ச் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்து வீட்டை நடத்தியது அன்ரிதான். விடிய எழும்பி, பிரம்புத் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாய்க் கோபுரம் கட்டி அவிப்பார். அந்த ஆவி மரப்படியால் ஏறி என் கட்டிலுக்கு வரும். சிவப்பரிசி மா வாசமும் நனைந்த பிரம்பு வாசமும். கூடவே துறைமுகத்துக் கப்பல் ஊதும், பெரிய கோயில் மணி அடிக்கும். அன்ரி மாவைப் பிழிந்துகொண்டே செபம் முணுமுணுப்பார். அதில் 'அக்களிப்பு, அக்களிப்பு' என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். அது ஏதோ சாப்பாடு என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்தில் அப்போது கரண்ட் இல்லை. வருசக்கணக்காய் இல்லை. ஜாம் போத்தலில் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் எண்ணெய், ஒரு நூல் திரி: அதுதான் விளக்கு. அப்படியான ஒன்றை அம்மா என் பையில் வைத்து அனுப்பியிருந்தார், கொழும்பில் என்ன தேவைக்கோ தெரியாது. வந்த அன்று மாமா சுவரில் இருந்த சுவிட்சைக் காட்டினார். போட்டேன், அணைத்தேன், போட்டேன், அணைத்தேன். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பல்பு போயிடும் பிள்ளை" என்றார் மாமா. அவருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஜாம் போத்தல் விளக்கு பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை. இன்றைக்கு அதைத் தந்தால் என் கண்ணாடி அலுமாரியில் நடுத்தட்டில் வைப்பேன்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த கிழமை, வகுப்பு ரீச்சர் என்னை எழுப்பிக் கேட்டார்.

"புது ஸ்கூல் எப்படி, பிடிச்சிருக்கா?"

"ஓம் ரீச்சர். எனக்குச் சரியான புளுகம்."

முன்வாங்கில் இருந்த ஒருத்தி எழும்பினாள்.

"ரீச்சர், அவ புளுகுறாளாம்! அவளே சொல்றா!"

சிரிப்பென்றால் சிரிப்பு. ரீச்சரும் சிரித்தார். பிறகு முகத்தை நேராக்கிக்கொண்டு, "அப்படிச் சொல்லக்கூடாது மகள், அது கெட்ட சொல்லு. சந்தோசம்னு சொல்லணும்" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த தமிழில் அது கெட்ட சொல்தான். ஆனால் அன்றிலிருந்து என் பெயர் 'புளுகி'. விளையாட்டு நேரத்தில் புளுகி, தண்ணீர்க் குழாயடியில் புளுகி. நான் அந்தச் சொல்லை மடித்து உள்ளே வைத்துவிட்டேன். வீட்டிலும் எடுக்கவில்லை. மாமாவுக்கும் அன்ரிக்கும் நான் 'சந்தோசம்' என்றுதான் சொன்னேன், அதுவும் அவர்கள் கேட்டால். அன்ரியின் காதில் அந்தச் சொல் ஒருதரமாவது என் வாயால் விழுந்திருந்தால், பிறகு நடந்தது நடந்திராது.

ஆவணி போல மாமா வெள்ளவத்தையில் ஓர் 'அனெக்ஸ்' பார்த்துவிட்டு வந்தார். இரண்டு அறை, தனிக் குசினி, யன்னலைத் திறந்தால் கடற்காற்று. அம்மா வந்ததும் மூன்று பேரும் அங்கே போய் இருப்பதாகத் திட்டம். ஊருக்குப் போகிற ஒருவரிடம், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள், வீடும் கிடைத்துவிட்டது என்று அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார். அப்போது கடிதம் போனால் எப்போது சேரும் என்று கடவுளுக்கும் தெரியாது. வாய்வழிச் செய்திதான் வேகம். மாமா அன்றைக்கு முதல்முறையாக எனக்கு ஒரு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். வேலைவிட்டு வந்து தானாகவே சொன்னார், "உனக்குத் தனி மேசை போடலாம் பிள்ளை."

பதில் ஒரு மாரி மதியம் வந்தது. மாமா கந்தோரில், நான் பள்ளிக்கூடத்தில். வந்தவர் எங்கள் ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். லொட்ஜில் தங்க வேண்டுமென்றால் இருட்டுவதற்குள் பொலிசில் பதிய வேண்டும், அந்த அவதி அவருக்கு. படியேறக்கூட நேரமில்லாமல், மாவும் கையுமாய் நின்ற அன்ரியிடம் வாசலில் நின்றபடி செய்தியைச் சொல்லிவிட்டு ஓடிவிட்டார்.

நான் வீட்டுக்கு வந்தபோது அன்ரி என் முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கமாய் "என்னா பாப்பா, இன்னிக்கி என்ன படிச்சிங்க?" என்று கேட்பவர், இடியப்பத்தின் மேல் தேங்காய்ப்பூவும் சீனியும் அள்ளிப் போட்டுத் தந்துவிட்டு உள்ளே போய்விட்டார். சீனி பல்லில் நறநறத்தது. ஏதோ சரியில்லை என்று அந்தச் சீனியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பெரியவர்கள் கேளாமல் இனிப்புத் தந்தால் கவனமாயிருக்க வேண்டும்.

மாமா வந்ததும் அன்ரி அவரைப் படியடியில் மறித்தார். மேற்படியில், தண்ணீர் பீப்பாய்க்குப் பின்னால் நான் இருந்தது இருவருக்கும் தெரியாது.

"தம்பி, மனச தேத்திக்குங்க. ஒங்க அக்காகிட்ட இருந்து ஆள் வந்திச்சு."

"அக்காவுக்கு ஏதும்...?"

"அனே, அப்படியெல்லாம் இல்ல. சொகமாத்தான் இருக்காங்களாம். ஆனா வரமாட்டாங்க போல தம்பி. அம்மா வாறாங்கன்னு சொல்லுங்க, ஆனா அது சரியான பொய்யாம்."

"பொய்யோ? அப்பிடியே சொன்னவர்?"

"என் ரெண்டு காதால கேட்டேன். அதும் பல்லக் காட்டிச் சிரிச்சுக்கிட்டே சொல்றாரு அந்த மனுசன். எனக்கு வயிறு எரிஞ்சிச்சு. பச்சப்புள்ள காத்துக்கிட்டு இருக்கு, இது சிரிக்கிற விசயமா?"

மாமாவின் குடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"அக்கா அப்பிடிச் செய்யமாட்டா" என்றார். பிறகு, "இடமாற்றம் கிடைச்சிருக்காது. பிள்ளையை இஞ்சை விடுறதுக்காண்டி அப்பிடிச் சொல்லியிருப்பா" என்றார். கடைசியாக, "பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"சேச்சே! நா சொல்லுவேனா? வருவாங்க வருவாங்கன்னே சொல்லுவோம். ஆனா தம்பி, கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னு சொல்லுவாங்க. எத்தன நாளைக்கு இப்படி மறைக்கிறது?"

நான் சத்தமில்லாமல் அரை அறைக்குள் போய்க் கட்டிலில் ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். அழுததாக ஞாபகமில்லை. சுவரில் சுண்ணாம்பு பொரிந்து ஒரு ஆட்டுத் தலை மாதிரித் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாதிரி ஒரு வீடு உங்களில் யாருக்காவது வாய்த்திருக்கிறதா தெரியாது. மூன்று பேரும் ஒருவருக்கொருவர் பொய் சொல்கிற வீடு. காலையில் அன்ரி தலைவாரிவிடும்போது, "அம்மா இந்தா வர்றாங்க பாப்பா, பாஸுதான் சொணங்குது" என்பார். பொய் சொல்கிற அவசரத்தில் சீப்பு காதில் உரசும். நான் "ஓம் அன்ரி" என்பேன். மாமா மாலையில், "அம்மா வந்ததும் உனக்கு வெள்ளைச் சப்பாத்து வாங்கவேணும்" என்பார். "ஓம் மாமா" என்பேன். மூலைக்கடைச் சிங்கள முதலாளிக்கும் என் கதை தெரியும். பாண் வாங்கப் போனால், "அம்மா எனவத, துவ?" என்று கேட்பார், அம்மா வாறாவா மகள் என்று. "ஓவ், எனவா" என்பேன். ஆம், வாறா. சிங்களத்தில் நான் முதலில் சரளமாய்ச் சொல்லப் பழகிய வசனம் அதுதான். நான் நம்பாத வசனம்.

வேடிக்கையைப் பாருங்கள். அவர்கள் இரக்கப்பட்டுச் சொன்ன அந்தப் பொய்தான் அன்றைக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே மெய். சொன்னவர்களுக்கும் தெரியாது, கேட்டவளுக்கும் தெரியாது.

மாமா வெள்ளவத்தை வீட்டை வேண்டாமென்று சொல்லிவிட்டார். கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு விடுதி நீர்கொழும்புப் பக்கம் இருந்தது. தை மாதம் என்னை அங்கே சேர்ப்பதற்குப் பேசிவிட்டு வந்தார். தனி ஆம்பிளை எத்தனை நாளைக்குப் பெண்பிள்ளையை வைத்துப் பார்ப்பது? அவர் செய்ததும் நியாயம்தான். விடுதியில் கொடுக்க வேண்டிய சாமான்களை ஒவ்வொன்றாய் வாங்கி ஒரு தகரப் பெட்டிக்குள் போட்டுவைத்தார். அலுமினியத் தட்டு, சோப்புப் பெட்டி, கறுப்பு நாடா. என்ன பெட்டி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தீபாவளிக்கு அவர் வாங்கித் தந்த சட்டை ஒரு கை நீளம். "வளருவாய்தானே" என்றார். அன்றைக்குத் தெருவில் வெடி போடவில்லை. யாரும் போடவில்லை. வெடிச் சத்தம் கேட்டால் ஆமிக்காரர் வருவார்கள்.

தீபாவளி கழிந்து ஒரு சனிக்கிழமை, மழைக்கு நடுவில் கொஞ்சம் வெயில் எறித்த நேரம். நான் மேற்படியில் இருந்து புத்தகத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன். கீழே கதவு திறந்தது. ஈரச் செருப்புச் சத்தம். நிமிர்ந்தேன். அம்மா.

கறுத்து, ஒட்டி, சீலையின் கரையில் காய்ந்த சேறு. கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து, பிறகு சைக்கிள், பிறகு நடை, பிறகு ரயில். இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டிக்கொண்டு படியேறினார். எங்கள் வீட்டு வழக்கமில்லை என்று சொன்னேனே, அப்படிக் கை நீட்டி நான் அவரைக் கண்டதேயில்லை. யன்னலால் விழுந்த வெயில் அந்தக் கைகளில் பட்டது. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒவ்வொரு மயிரும் குத்திட்டு நின்றது. விதைத்து இரண்டு நாளான கீரைப் பாத்தியைக் குனிந்து பார்த்தால் தெரியுமே, அப்படி.

நான் எழும்பவில்லை. வரமாட்டேன் என்று சொன்னவர் ஏன் வந்தார்? யாரும் கட்டாயப்படுத்தினார்களா? திரும்பப் போகத்தான் வந்தாரா? ஒட்டுப்போட எடுத்த பசை விரலில் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா மூன்று படி கீழே நின்றுவிட்டார். என் முகத்தையே பார்த்தார். அந்தக் கைகளில் நின்ற மயிர் மெல்ல மெல்லப் படுத்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே படுத்தது. பிறகு கைகள் இறங்கின.

"வளந்திட்டாய்" என்றார்.

கீழே அன்ரி சுவரைப் பிடித்துக்கொண்டு, பேயைக் கண்டவர் மாதிரி நின்றார்.

மாமா வந்தார். அக்காவைக் கண்டதும் அவர் முகத்தில் முதலில் வந்தது ஆறுதல், அதன் பின்னாலேயே கோபம். ஆனால் எங்கள் ஆட்களின் கோபம் வாய்க்கு வராது, முதுகுக்குப் போகும். திரும்பி நின்று அடுப்பைப் பற்றவைத்தார்.

"நான் சொல்லிவிட்டது கிடைச்சதோ?" என்று அம்மா கேட்டார்.

"கிடைச்சது" என்றார் மாமா. அவ்வளவுதான்.

"வீடு?"

"அது சரிவரேல்லை."

அம்மா தகரப் பெட்டியைப் பார்த்தார். திறந்து அலுமினியத் தட்டையும் கறுப்பு நாடாவையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மூடினார். செய்தி கிடைத்திருக்கிறது, கிடைத்தும் வீடு பார்க்கவில்லை, பிள்ளையை அனுப்பப் பெட்டி கட்டியிருக்கிறார்கள், பிள்ளை முகத்தில் ஒரு சிரிப்பில்லை. அவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அன்றைக்குப் படியடியில் மாமா அன்ரியிடம், "வந்திட்டா, அது காணும். கிளறாதேங்கோ" என்று சொன்னதும் கேட்டது. கிளறாமல் விடுவது எங்கள் ஆட்களின் பெரிய கெட்டித்தனம். ஒரு சொல் கிளறினால் ஆறிவிடக்கூடிய புண்ணை ஒரு மாரிகாலம் பொத்திப் பொத்தி வைத்திருப்போம்.

அம்மாவும் நானும் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறைக்குப் போனோம். மாமாவுக்குப் பாரமாய் இருக்க அம்மா விரும்பவில்லை. தைக்கு விடுதியா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. தகரப் பெட்டியும் எங்களோடு வந்து கட்டிலுக்குக் கீழே போயிற்று. லொட்ஜ் முழுக்க எங்களைப்போலக் காத்திருக்கிற ஆட்கள். ஒரு குழாய், ஒரு கண்ணாடி, பொதுக் குசினியில் முறை வைத்துச் சமையல். பின்பக்கம் கடற்கரை ரயில் போகும்போது அறையில் தேத்தண்ணிக் கோப்பை தானாக நகரும். ஒரே கட்டில்தான். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பேன், அம்மா கடல்பக்கம். ஒருநாள் பக்கத்து அறைப் பெண்ணிடம் அம்மா சொன்னது கேட்டது: "என்ரை பிள்ளை கொழும்புப் பிள்ளையாகிட்டாள். நான் அவளுக்கு ஆரோ போலை." எனக்குத் திரும்பிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. என்னத்தைச் சொல்வது? நீங்கள்தானே வரமாட்டன் எண்டு சொன்னீங்கள் என்றா?

பெரியவளாகி அகராதி புரட்டப் பழகியபோது நான் முதலில் தேடிய சொல் இதுதான். புளகம் என்றால் மயிர்க்கூச்செறிதல் என்று போட்டிருந்தது. மகிழ்ச்சியில் உடம்பு சிலிர்ப்பதைப் பழைய ஆட்கள் புளகாங்கிதம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் புளகம்தான் எங்கள் வாயில் உருண்டு புளுகம் ஆனது என்று ஒரு பண்டிதர் சொன்னார். இல்லை, புளுகிலிருந்துதான் வந்தது, பொய்யென்று நினைக்கும் அளவுக்குப் பெரிய சந்தோசம் என்று இன்னொருவர் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவளில்லை, கேட்டும் பார்த்தும் படித்தவள். முதலாமவர் பக்கம்தான் நான். அந்தச் சொல்லின் வேரை மூன்று படி தூரத்தில் வைத்து வெயிலில் பார்த்திருக்கிறேன்.

நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, சில நாள் முன்னம் அன்ரி எங்களைத் தேடி லொட்ஜுக்கு வந்தார். இரண்டு பஸ் மாறி, செக்பொயின்றில் இறங்கி ஏறி, மூச்சு வாங்க வாங்க மூன்றாம் மாடி. கையில் துணியில் சுற்றிய இடியப்பமும் கேக் துண்டும். அந்த அறைக்கு முதல்தரம் ஒரு விருந்தாளி. கதவைத் திறந்த அம்மாவின் முகம் விரிந்தது.

"வாங்கோ அக்கா, வாங்கோ! உங்களைக் கண்டது சரியான புளுகம்!"

அன்ரியின் கால் வாசற்படியில் நின்றுவிட்டது.

"என்னா தங்கச்சி... நா என்ன புளுகுனேன்?"

"நீங்கள் ஏன் புளுகப் போறீங்கள்? எனக்குப் புளுகம் எண்டன்."

"ஒங்களுக்குப் புளுகா? அதத்தான் அன்னிக்கி அந்தச் சைக்கிள்கட மனுசனும் சொன்னாரு. நீங்க வாறது சரியான புளுகாம்னு. நானும் தம்பிகிட்ட அப்படியே சொன்னேன். பொய்யாம் தம்பின்னு."

பின்பக்கத்தால் ரயில் போனது. போய் முடியும்வரை மூன்று பேரும் அப்படியே நின்றோம்.

"அக்கா" என்றார் அம்மா, மிக மெதுவாக, "அவர் என்ன சொன்னவர் எண்டு திருப்பிச் சொல்லுங்கோ."

"தாய் வாறா எண்டு சொல்லுங்கோ, சரியான புளுகாம்."

"புளுகாம் இல்லை அக்கா. புளுகம். வீடு கிடைச்சதும் பிள்ளை பள்ளிக்கூடம் போறதும் எனக்குப் புளுகம் எண்டு சொல்லிவிட்டனான். புளுகம் எண்டால் சந்தோசம். சும்மா சந்தோசமில்லை, தாங்கேலாத சந்தோசம்."

அன்ரி கட்டில் விளிம்பில் பொத்தென்று இருந்தார். கேக் துண்டு மடியிலேயே நசிந்தது.

"அனே ஆண்டவரே... நம்ம கோயில்ல சொல்ற அக்களிப்பா?"

"அந்தச் சொல்லு எனக்குத் தெரியாது. அப்பிடித்தான் இருக்கும்."

"அந்த மனுசன் அதான் பல்லக் காட்டிச் சிரிச்சாரு! நா என்ன மடச்சி! எங்கூர்ல புளுகுன்னா பொய்யி தங்கச்சி, சாமி சத்தியமா பொய்யி!" தன் வாயில் தானே அடித்துக்கொண்டார். அம்மா அந்தக் கையைப் பிடித்தார். பிறகு அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அன்ரியும் அழுகையோடு அழுகையாகச் சிரிக்கத் தொடங்கினார். பக்கத்து அறை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நல்லவேள, இந்தப் புள்ளைக்கி ஒண்ணும் தெரியாது" என்றார் அன்ரி, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி. "நாங்க மூச்சு விடல. அம்மா வருவாங்க, அம்மா வருவாங்கன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தோம்."

அம்மாவின் சிரிப்பு நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். படியில் நின்றபோது பார்த்த அதே பார்வை.

"நீ அறியேல்லையோ பிள்ளை?"

"இல்லை."

"நான் வரமாட்டன் எண்டு ஒருநாளும் நினைக்கேல்லையோ?"

"இல்லையம்மா. நீங்கள் வருவீங்கள் எண்டு எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் அண்டைக்குப் படியிலை அப்பிடியே இருந்தனி? ஓடி வரேல்லை?"

தண்ணீர் பீப்பாய், சுவரில் ஆட்டுத் தலை, 'ஓவ், எனவா', எல்லாம் ஒன்றாய் நினைவுக்கு வந்தன. வகுப்பில் மடித்து வைத்த அந்தச் சொல்லையும் தேடி எடுத்தேன்.

"புளுகத்திலை எனக்குக் கால் ஏலாமல் போட்டுதம்மா."

அம்மா என்னை இழுத்துப் பக்கத்தில் இருத்தினார். அவருடைய கை என் கையோடு ஒட்டியிருந்தது. குனிந்து பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து மேலே மேலே, ஒவ்வொன்றாய், எல்லாம் எழும்பி நின்றன.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்று அன்ரி சொல்லுவார். என்னுடையது அம்மா கண்மூடும்வரை நின்றது.